ரசீது போடாத 22,000 ரூபாய்

சோதனை வரும்போது அது சோதனைதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போன ஞாயிறு வாலிபர் ஐக்கியக் கூட்டம் முடிந்ததும் ஒரு பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இதைக் கேட்டான். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். என்ன சோதனை என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "வேதம் வாசி தம்பி, ஜெபம் பண்ணு, கர்த்தர் உணர்த்துவார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். அவன் தலையாட்டியதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவனுக்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை என்று.

வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது. இதுவரை என் மனைவிக்கும், எங்கள் சபைச் செயலருக்கும், அப்போது இருந்த ஐயருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஐயர் என்றால் எங்கள் பக்கம் சபைப் போதகர். எழுதட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க, ஆனா குறைக்காம எழுதுங்க" என்றாள். அதனால் குறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டு ஓரம். சுற்றிலும் செம்மணல் மேடும் பனையும்தான். அப்பா பனையேறி. நான் டவுனில் ஒரு இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கணக்குத் தெரிந்தவன் என்பதால் 2019இல் சபையில் என்னைப் பொருளாளராகப் போட்டார்கள். நூற்றுச்சொச்சம் குடும்பம் உள்ள சபை. அதில் பாதிப் பேர் பம்பாயிலும் சென்னையிலும் பிழைக்கிறார்கள். கோவிலைப் பிரதிஷ்டை பண்ணின நாளை வருஷாவருஷம் கொண்டாடுகிற பிரதிஷ்டைப் பண்டிகைக்கு மட்டும் ஊர் நிறைந்துவிடும்.

சபைப் பணம் எப்படிச் சேருகிறது என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. எங்கள் அம்மா உலை வைக்கிற ஒவ்வொரு தடவையும், அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அள்ளி அடுப்படி மூலையில் இருக்கும் பானையில் போடுவாள். வீட்டில் ஆறு பேருக்குச் சோறு பற்றாத நாளிலும் அந்தக் கைப்பிடி தவறாது. ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி கோவிலுக்குப் போகும். கோழி வைத்த முதல் முட்டை போகும். மரத்தில் காய்த்த முதல் முருங்கைக்காய் போகும். ஆராதனை முடிந்து வாசலில் வைத்து அதையெல்லாம் ஏலம் போட்டு, வருகிற காசைக் கணக்கில் ஏற்றுவார்கள். பொருளாளர் பெட்டியில் இருக்கிற ரூபாய் எல்லாம் இப்படி வந்ததுதான். இது எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு போன பையனே நான்தான்.

2022ஆம் வருஷம் பண்டிகை ஆகஸ்ட் 12, 13, 14 தேதிகளில் வந்தது. வெள்ளிக்கிழமை ஆயத்த ஆராதனை, சனிக்கிழமை சாயங்காலம் ஏலம், ஞாயிறு ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து, அப்புறம் அசனம் என்கிற ஊர்ச் சாப்பாடு. 13ஆம் தேதி இரண்டாம் சனி, 14 ஞாயிறு, 15 சுதந்திர தினம். மூன்று நாளும் பேங்க் கிடையாது. இந்த மூன்று நாள் என்னை என்ன செய்யப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

பண்டிகை ஏலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு தேங்காய் 30 ரூபாயில் ஆரம்பிக்கும். பம்பாயிலிருந்து வந்தவர் 500 என்பார், திருப்பூர்க்காரர் 1,000 என்பார், அது மேலே மேலே போய் 6,000, 7,000 ரூபாயில் நிற்கும். தேங்காய்க்காக யாரும் கேட்பதில்லை. கர்த்தருக்குக் கொடுக்கிற ஆசை, கொஞ்சம் ஊர்ப் பெருமையும் உண்டு. கேட்டவர்கள் எல்லோரும் அங்கேயே பணம் எண்ணி வைக்கமாட்டார்கள். ஏல நோட்டில் பெயரும் தொகையும் எழுதி, 'பாக்கி' என்று குறித்து வைப்போம். பிறகு கொண்டு வந்து கொடுப்பார்கள். சில பாக்கி மறுநாளே வரும், சிலது கிறிஸ்துமஸுக்கு வரும். வராமல் போனதும் உண்டு.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணி இருக்கும். பம்பாயில் இட்லி வியாபாரம் செய்கிற ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். ஒரு தேங்காயும் ஒரு சேவலும் ஏலம் எடுத்திருந்தான், 12,000 ரூபாய். விடிகாலையிலேயே அவசரமாகக் கிளம்ப வேண்டும், மாமியாருக்குச் சீரியஸ் என்று போன் வந்திருக்கிறது என்றான். ஏலப் பாக்கி 12,000, அதோடு ஸ்தோத்திரக் காணிக்கை 10,000 என்று எண்ணி என் கையில் கொடுத்தான். ரசீது புத்தகம் வெஸ்ட்ரியில், அதாவது கோவில் அறையில் இருந்தது. "இரு தம்பி, எடுத்துட்டு வந்துருதேன்" என்று சட்டையை எடுத்தேன்.

"ரசீதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? நீங்க வாங்கினா கர்த்தர் கையில கொடுத்த மாதிரி."

சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போது என் வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். கட்ட வேண்டிய பாக்கி 35,000 ரூபாய், கடைசித் தேதி 16, செவ்வாய்க்கிழமை. கையில் 14,000 இருந்தது. இன்னும் 21,000 வேண்டும். மாசக் கடைசியில் சீட்டுப் பணம் வரும், அது உறுதி. நடுவில் இரண்டு வாரம்தான் இடிக்கிறது. "என் வளையலை வச்சிருவோம்ங்க" என்று மனைவி போன வாரமே சொல்லியிருந்தாள். நான் வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் கொழுந்தியாள் மகள் கல்யாணம். சொந்தக்காரர் எல்லோரும் கூடுகிற இடத்தில் என் மனைவி வெறுங்கையோடு நிற்பதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. எப்படியாவது புரட்டிவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

21,000 தேவைப்படுகிறவன் வீட்டுக்கு ராத்திரி பத்தரை மணிக்கு 22,000 வருகிறது. ரசீது இல்லை. கொடுத்தவன் விடியும்போது ரயிலில் இருப்பான்.

'திருடு' என்ற சொல் அன்றைக்கு ராத்திரி ஒரு தடவைகூட என் மனசில் வரவில்லை. இதைத்தான் அந்தப் பையனுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். வந்ததெல்லாம் கணக்கு. ஏல நோட்டில் 12,000 பாக்கி என்று ஏற்கெனவே இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும், மாசக் கடைசியில் வரவு வைத்துவிடலாம். இந்த 10,000 எந்த நோட்டிலும் இல்லை. அதையும் அப்போது சேர்த்துக் கட்டிவிடலாம். சபைக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. எப்படியும் செவ்வாய் வரைக்கும் பேங்க் கிடையாது, பணம் என் வீட்டில்தானே கிடக்கப் போகிறது? கடனாக எடுத்தால் என்ன? மகள் படிப்புக்குத்தானே, சீட்டு விளையாடவா? படித்து முடித்தால் நாலு நோயாளிக்கு உதவுவாள், அதுவும் ஊழியம்தானே? இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் பட்டது. இத்தனை நியாயம் ஏன் தேவைப்படுகிறது என்று மட்டும் நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மத்தேயு 4ஆம் அதிகாரத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். நாற்பது நாள் உபவாசமிருந்து பசித்த இயேசுவிடம் பிசாசு முதலில் கேட்டது என்ன? கல்லை அப்பமாக்கு. அப்பம் சாப்பிடுவது பாவமா? பசித்தவனுக்கு அப்பம் தேவைதான். பிசாசு தேவையில்தான் ஆரம்பிக்கிறான், ஆடம்பரத்தில் ஆரம்பிப்பதில்லை. இது எனக்குத் தெரியும். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்தும் இருக்கிறேன். தெரிந்திருந்தும் அன்றைக்கு அது எனக்கு உதவவில்லை.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்துபோய் பீரோவைத் திறந்தேன். பீஸ் பணம் ஒரு பழைய ஜவுளிக்கடைப் பையில் இருந்தது. 22,000இல் 21,000 எண்ணி அந்தப் பைக்குள் வைத்தேன். மிச்சம் 1,000 ரூபாயைச் சபைப் பெட்டியில் போட்டேன். அந்த ஆயிரத்தை ஏன் போட்டேன் என்று பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். தேவைக்கு மேல் ஒரு பைசா தொடவில்லை என்று என்னை நானே நம்பவைக்கத்தான் போட்டிருக்கிறேன்.

நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்லிவிட வேண்டும். மனசாட்சி குத்தி ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தேன் என்று எழுதினால் அது பொய்.

காலையில் மனைவி புடவை எடுக்கப் பீரோவைத் திறந்தவள் பையைத் தொட்டுப் பார்த்தாள். கனமாக இருந்திருக்கிறது.

"என்னங்க, ரூபா சேர்ந்துட்டா?"

"சேர்ந்துட்டு. கடையில முதலாளிட்ட கேட்டிருந்தேன்லா, நேத்து கொடுத்துட்டார்."

இருபத்துமூன்று வருஷம் அவளோடு வாழ்ந்திருக்கிறேன். கோபப்பட்டிருக்கிறேன், சில விஷயம் சொல்லாமல் மறைத்தும் இருக்கிறேன். ஆனால் முகத்தைப் பார்த்து இவ்வளவு லேசாக ஒரு பொய் சொன்னது அன்றைக்குத்தான். தயாரித்து வைக்கக்கூட இல்லை, வாயைத் திறந்ததும் வந்துவிட்டது. அவள் இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள்.

பண்டிகை ஆராதனை. புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரும் வாழைமரமும் தோரணமுமாகக் கோவில் ஜொலித்தது. நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். பரமண்டல ஜெபம் சொன்னோம். "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல், தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்." வாய் சொன்னது. ஒன்றும் ஆகவில்லை எனக்கு. காணிக்கைப் பை தூக்கினேன். திருவிருந்துக்கும் போனேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படுகிற நிமிஷம் அது. பணத்தை எடுத்து வைத்த நிமிஷத்தைவிட, அந்தப் பையை மனசில் வைத்துக்கொண்டு கையை ஏந்தி அப்பத்தை வாங்கிய நிமிஷம்.

ஆராதனை முடிந்து ஊரே அசனப் பந்தலுக்குப் போய்விட்டது. நானும் செயலரும் இன்னும் இரண்டு கமிட்டி உறுப்பினர்களும் வெஸ்ட்ரியில் உட்கார்ந்து காணிக்கை எண்ணினோம். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்கள் ஒரு தட்டு நிறைய. ஒவ்வொரு கவரிலும் எதற்காக என்று எழுதியிருக்கும். சுகமான பிரசவத்துக்காக. மகனுக்கு வேலை கிடைத்ததற்காக. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக. பெயர் போடாதவர்கள் 'ஒரு குடும்பம்' என்று எழுதுவார்கள். பிரித்து, தொகையைச் சொல்லி, நோட்டில் ஏற்றிக்கொண்டே போனோம். வெளியே அண்டாவில் கரண்டி இடிக்கிற சத்தம், கறிக்குழம்பு வாசனை.

ஒரு கவரை எடுத்தேன். "மகளின் படிப்புக் கட்டணத்துக்கு வழி திறந்த தேவனுக்கு ஸ்தோத்திரம். ஒரு குடும்பம். ரூ. 200."

நீல மைப் பேனா. 'ஸ்'ஸுக்கு மேலே புள்ளி வைக்காமல் சின்ன வட்டம் போடுகிற பழக்கம் அவளுக்கு. மளிகைச் சீட்டில் தினமும் பார்க்கிற எழுத்து. உள்ளே இரண்டு நூறு ரூபாய் நோட்டு, நாலாக மடித்தது. அவள் முந்தானையில் முடிந்து வைக்கிற நோட்டு அப்படித்தான் மடிந்திருக்கும். முட்டை விற்ற காசு.

நான் கர்த்தருடைய பணத்தை எடுத்தேன். அதற்காக அவள் கர்த்தருக்கு நன்றி சொல்லி, தன் கையிலிருந்து 200 ரூபாய் காணிக்கை வைத்திருக்கிறாள்.

"தொகை சொல்லு தம்பி" என்றார் செயலர். பேனா நோட்டின்மேல் நின்றது.

"இருநூறு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

எண்ணி முடித்து மற்ற இரண்டு பேரும் சாப்பிடப் போனார்கள். எங்கள் செயலர் ரிட்டயர்டு வாத்தியார், என்னைவிட இருபது வயது மூத்தவர். நோட்டை மூடிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்திலும் மனசு ஒரு வழி சொன்னது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் பணத்தை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடு, ரசீதும் நீயே போட்டுவிடு, யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம், கதை முடிந்தது. நல்ல வழிதான். ஆனால் செவ்வாய்க்கிழமை வரைக்கும் இன்னும் இரண்டு ராத்திரி இருக்கிறது, அந்த இரண்டு ராத்திரியும் பணமும் நானும் ஒரே வீட்டில் இருப்போம் என்று எனக்குத் தெரிந்தது. நேற்று ராத்திரி அத்தனை நியாயம் பேசிய ஆள் எங்கேயும் போய்விடவில்லை, எனக்குள்ளேயேதான் இருக்கிறான். அவனோடு தனியாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

"சார், ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பிடிக்கவில்லை, நாலு நிமிஷம் இருக்கும். அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் மேஜை டிராயரைத் திறந்து ரசீது புத்தகத்தை எடுத்தார். பம்பாய்த் தம்பி பெயருக்கு இரண்டு ரசீது எழுதினார், 12,000க்கு ஒன்று, 10,000க்கு ஒன்று. தேதி 13 என்று போடவில்லை, 14 என்றே போட்டார். "போய் ரூபாயை எடுத்துட்டு வா. நான் இங்கனயே இருக்கேன்" என்றார்.

எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். எண்ணினார். அப்புறம்தான் பேசினார். "நான் ஹெட்மாஸ்டரா இருந்தப்ப சத்துணவு அரிசி ஸ்டோர் சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கும். ஒரு வருஷம் கழிச்சு, இன்னொரு சாவியை எச்.எம். அல்லாத ஒரு டீச்சர்ட்ட கொடுத்து, ரெண்டு பூட்டு போட்டேன். ஏன்னு யாரும் கேட்கல." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. என் தோளைத் தட்டி, "வா, பந்தி முடியப் போகுது" என்று கூட்டிக்கொண்டு போனார். என் இலைக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மனைவியிடம் சொல்வதுதான் இதைவிடக் கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் அண்டா கழுவப் போனவள் ஏழு மணிக்கு வந்தாள். சொன்னேன். முதலாளி கொடுத்தார் என்றது பொய் என்றும் சொன்னேன். அவள் பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நான் கவர்ல எழுதிப் போட்டேனே" என்றாள். அதையே இரண்டு தடவை சொன்னாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். ராத்திரி பதினொரு மணிக்கு வந்து, இரண்டு வளையலையும் கழற்றி என் தலைமாட்டில் வைத்தாள். "நான் அப்பவே சொன்னேன்லா? யாருக்குங்க வெட்கம், எனக்கா உங்களுக்கா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்குக் கண் திறந்தது. யாக்கோபு எழுதுகிறாரே, "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்" என்று. இச்சை என்றால் பணத்தாசை, பெண்ணாசை என்றுதான் அதுவரை வைத்திருந்தேன். எனக்குப் பணத்தாசை கிடையாது, இதை நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன். என்னை இழுத்தது மானம். கல்யாண வீட்டில் கொழுந்தியாள் புருஷன் முன்னால் தலை தாழக் கூடாது என்ற எண்ணம். 'தன்தன் சுய' என்று அவர் இரண்டு தடவை அழுத்திச் சொல்வது சும்மா இல்லை. தம்பி, நீ கேட்ட கேள்விக்கு நான் கண்ட பதில் இதில்தான் ஆரம்பிக்கிறது. வெளியே என்ன வருகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், எதை இழக்க உனக்குப் பயம் என்று பார்.

புதன்கிழமை கூட்டுறவு வங்கியில் வளையலை வைத்தோம். அதற்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை கல்லூரிக்குப் போய் இரண்டு நாள் டைம் கேட்டேன். மகள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அபராதம் 500 ரூபாயோடு வியாழக்கிழமை கட்டினோம். கல்யாணத்துக்கு மனைவி கவரிங் வளையல் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் தங்கை கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விட்டாள். வளையலை மீட்க அடுத்த வருஷம் சித்திரை ஆனது, வட்டியோடு.

சாட்சி சொல்கிறவர்கள் கடைசியில் ஒரு அற்புதம் சொல்வார்கள். யாரோ எதிர்பாராமல் பணம் அனுப்பினார், பீஸ் தள்ளுபடி ஆனது என்று. அப்படி நடப்பதை நான் மறுக்கவில்லை, எங்கள் குடும்பத்திலேயே கண்டிருக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு நடக்கவில்லை. அபராதமும் வட்டியும்தான் கட்டினேன். யோசேப்பு, பாவத்துக்குப் பிடித்து இழுத்த எஜமான் போத்திபாரின் மனைவி கையில் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். ஓடினவனுக்கு உடனே கிடைத்தது சிறைச்சாலை. கூடச் சிறையில் இருந்த ராஜாவின் பானபாத்திரக்காரனுடைய சொப்பனத்துக்கு அர்த்தம் சொல்லி உதவின பிறகும், அவன் மறந்துபோனதால் இரண்டு வருஷம் உள்ளேயே கிடந்தான். நீதியான வழியில் நடந்தால் கையோடு பலன் வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள் என்று ஞாயிறு பள்ளி ஆசிரியர்களிடம் நான் இப்போதெல்லாம் சொல்கிறேன். பலன் வராத முதல் தடவையிலேயே பிள்ளை உடைந்துபோகும்.

ஐயரிடம் நானும் செயலரும் சேர்ந்தே போய்ச் சொன்னோம். பொருளாளர் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் வேதத்தைத் திறந்து 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தை என்னையே வாசிக்கச் சொன்னார். எருசலேம் சபையின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பற்றிப் பவுல் எழுதுகிற இடம். தன் கூட்டாளி தீத்துவை மட்டும் அனுப்பவில்லை, கூடவே இன்னும் இரண்டு சகோதரர்களை அனுப்புகிறார். தர்மப்பணத்தைக் குறித்து ஒருவனும் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாயிருக்கிறோம் என்றும், கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்றும் காரணமும் சொல்கிறார். தீத்துமேல் பவுலுக்கு நம்பிக்கை இல்லாமலா? இருந்தும் தனியாக அனுப்பவில்லை. யோவாஸ் ராஜா நாளிலும் அப்படித்தான். ஆலயத்தைப் பழுதுபார்க்கிற காணிக்கைக்குப் பெட்டியின் மூடியில் துவாரம் போட்டு வைத்து, பணம் நிறைந்ததும் ராஜாவின் எழுத்தனான சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணினார்கள். மறுபக்கம் யூதாஸ். பணப்பை அவன் ஒருவன் கையில் இருந்தது. பன்னிரண்டு பேரோடு ராப்பகலாக நடந்தவன், ஆண்டவர் வாயிலிருந்து நேரடியாகக் கேட்டவன், அவனே அந்தப் பைக்குள் கையை விட்டான்.

"வேலையை விட வேண்டாம், தனியா இருக்கிறதை விடுங்க" என்றார் ஐயர். அந்த மாசக் கமிட்டியில், காரணம் சொல்லாமல், இரண்டு தீர்மானம் போட்டோம். ராத்திரியோ பகலோ, பணம் வாங்கும்போது கமிட்டியில் இரண்டு பேர் இருக்க வேண்டும். பேங்க் லீவு வந்தால் பணம் ஒரு வீட்டில், பெட்டிச் சாவி இன்னொரு வீட்டில். அப்போது ஒருவர் எழுந்து, "ஏன், நம்ம பொருளாளர் மேல சந்தேகமா?" என்று கேட்டார். நான் எழுந்து, "எனக்கு என்மேல சந்தேகம்ணே" என்றேன். எல்லோரும் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். நிஜத்தைத்தான் சொன்னேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பருவத்தில் தினம் நாற்பது பனை ஏறுவார், காலையிலும் சாயங்காலமும். பாளையைச் சீவிக் கலயம் கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு கலயத்துக்குள்ளும் சுண்ணாம்பு தடவுவார். சுண்ணாம்பு இருந்தால் இறங்குவது பதநீர். இல்லாவிட்டால் அதே மரம், அதே பாளை, அதே சாறு, சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். சின்னப் பிள்ளையில் நான் அவரிடம் கேட்டிருக்கிறேன், நேற்றுத் தடவின சுண்ணாம்பு கலயத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே, இன்றைக்கும் எதற்கு என்று. "நேத்துள்ளது நேத்து இறங்கின பயினியோட போச்சுல" என்றார். பயினி என்றால் எங்கள் பக்கம் பதநீர். ஐந்து கலயத்தை மட்டும் சுண்ணாம்பு தடவாமல் கட்டிக் கொடு, கருப்பட்டி விலையைப் போல மூன்று மடங்கு தருகிறேன் என்று ஒரு ஆள் வீடு தேடி வந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா அவரோடு வாதாடவில்லை. பாவம் என்றோ சட்டம் என்றோ பேசவில்லை. "அம்மா, அண்ணாச்சிக்குத் தண்ணி கொடு" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டார். அந்த ஆள் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், பேச ஆள் இல்லாமல் எழுந்து போனார்.

நான் அந்தச் சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து பேசினேன். அதுதான் எனக்கும் அப்பாவுக்கும் உள்ள வித்தியாசம். பணம் கைக்கு வந்த அந்த நிமிஷமே டார்ச்சை எடுத்துக்கொண்டு செயலர் வீட்டுக்குப் போயிருந்தால், பேச்சுக்கே இடம் இருந்திருக்காது. முந்நூறு அடி தூரம்தான்.

போன வருஷம் பண்டிகைக்கும் அந்தப் பம்பாய்த் தம்பி வந்திருந்தான். ஏலத்தில் ஒரு வாழைத்தார் எடுத்தான். ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு மேல் வீட்டுக்கு வந்து பணத்தை நீட்டினான். "உட்காரு தம்பி, சார் வந்துரட்டும்" என்று போன் போட்டேன்.

"எதுக்கு அண்ணாச்சி இந்நேரத்துல அவரை அலைக்கழிக்கீங்க? உங்க மேல இல்லாத நம்பிக்கையா?"

"உட்காரு."

மனைவி கருப்பட்டிக் காப்பி கொண்டு வந்தாள். பணம் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. பத்து நிமிஷத்தில் தெருமுனையில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. சாருக்கு இப்போது முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடக்கிறார். மஞ்சள் பையிலிருந்து ரசீது புத்தகத்தை எடுத்தார். கார்பன் தாளை இரண்டு தாளுக்கும் நடுவில் ஓரம் பார்த்து வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இனிஷியல் என்ன தம்பி?" என்று கேட்டார்.